குதிகால் ஊசியும் எங்க மாமாவும்

எங்க மாமா (அம்மாவோட தம்பி) இப்போ எங்க ஏரியாவில் ஒரு நடமாடும் விளம்பரப் பலகை. யாராவது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தால் போதும். கூப்பிட்டு உட்கார வைத்து, டீ சொல்லி, "பேசாம அந்த ரத்த ஊசியப் போட்டுக்கங்க. எனக்கு மூணே ஊசி. இப்பப் பாருங்க" என்று எழுந்து நின்று, நுனிக்காலில் எம்பி வேறு காட்டுவார். அவர் பேச்சைக் கேட்டு இதுவரை நாலு பேர் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மாமாவுக்குக் கமிஷன் கொடுத்தால்கூடத் தப்பில்லை. :)

சிரிக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டேன். ஆனால் ஐந்தாவதாகப் போக இருந்தவர் எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா. செக்கிங் வேலைக்குப் போகிறவர். பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, வாரச் சம்பளம். ஊசிக்காகத் தோட்டை அடகு வைக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்து, "தம்பி, நீ காலேஜ் படிக்கிற புள்ள. போடலாமா வேண்டாமா, பார்த்துச் சொல்லு" என்றார். நான் படிப்பது பி.காம். டெபிட் கிரெடிட் தெரிந்தவனிடம் குதிகாலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் ஒருவர் தோட்டைக் கழற்றப் போகிறார் என்றால் கொஞ்சம் படித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று உட்கார்ந்தேன். படித்ததையும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாமா கதை.

மாமா பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். இருபது வருஷமாக நின்றே பார்க்கிற வேலை. திருப்பூர்க்காரர்களுக்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக: காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கு மேலும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது குதிகாலுக்குப் பின்பக்கம், எலும்புக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் முகம் சுருங்கிவிடும். நடக்க நடக்கக் கொஞ்சம் சரியாகும். சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். தொட்டால் அந்த இடம் கயிறு முறுக்கின மாதிரி தடிமனாக இருக்கும்.

தைலம் போட்டார். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டார். பிறகு ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி. ஒரு மாசம் ராஜா மாதிரி நடந்தார். அந்த ஒரு மாசமும் விட்டதைப் பிடிக்க ராத்திரி பத்து மணி வரை வேலை பார்த்தார். அடுத்த மாசம் வலி திரும்ப வந்தது, முன்னைவிட அதிகமாக. இன்னொரு ஊசி. இந்தத் தடவை இருபது நாள்தான் தாங்கியது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், அப்புறம் 'பி.ஆர்.பி.' என்கிற ரத்த ஊசி. மூன்று ஊசி ஒரு பேக்கேஜ், மொத்தம் இருபத்துநாலாயிரம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். ஐந்தாறு மாசத்தில் நன்றாகிவிட்டார். உண்மையிலேயே நன்றாகிவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சந்தேகம் எல்லாம், எதனால் நன்றானார் என்பதில்தான்.

குதிகாலுக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்தால் கயிறு போல ஒன்று கையில் தட்டுப்படும் இல்லையா, அதுதான் அக்கிலிஸ் தசைநாண். நம் ஊரில் எல்லாரும் 'நரம்பு' என்று சொல்வார்கள். நிஜத்தில் அது நரம்பு அல்ல. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்க்கயிறு. உடம்பிலேயே தடிமனான, பலமான தசைநாண் இதுதான். ஓடும்போது நம் உடம்பு எடையைப்போல ஆறேழு மடங்கு இழுவையைத் தாங்குகிறது. பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. அக்கிலிஸின் அம்மா அவனைக் குழந்தையாக இருக்கும்போது ஸ்டிக்ஸ் நதியில் முக்கி எடுத்தாளாம். கையில் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. கடைசியில் அங்கேயே அம்பு பாய்ந்து செத்தான். நமக்கும் ஒரு கதை இருக்கிறதே. மகாபாரதத்தில் கிருஷ்ணர் போனதும் காலில் பாய்ந்த வேடன் அம்பால்தான். எந்த ஊராக இருந்தாலும் பெரிய ஆளைச் சாய்க்கக் காலைத்தான் குறி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கயிற்றில் மாசக்கணக்கில் இருக்கும் வலியை முன்பெல்லாம் 'வீக்கம்', 'அழற்சி' என்றே நினைத்தார்கள். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு என்பது அப்படி வந்த வைத்தியம். ஆனால் நாள்பட்ட வலி உள்ளவர்களின் தசைநாணை எடுத்துப் பார்த்தபோது, அழற்சியை விட நார்கள் நைந்து வரிசை கலைந்து கிடப்பதுதான் அதிகமாகத் தெரிந்தது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், துணியில் கறை படியவில்லை, நூலே நைந்துபோயிருக்கிறது. கறை எடுக்கிற கெமிக்கலை ஊற்றினால் நைந்த நூல் சரியாகுமா? அதோடு குதிகால் எலும்புக்கு மேல் இரண்டு முதல் ஆறு செ.மீ. வரையுள்ள பகுதிக்கு ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைவு. அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

சரி, இதற்கு என்னென்ன ஊசிகள் இருக்கின்றன? ஸ்டீராய்டு. நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. உப்புநீரை மரப்பு மருந்தோடு அதிக அளவில் ஏற்றும் 'ஹை வால்யூம்' ஊசி. குளுக்கோஸ் ஊசி. இன்னும் சில. பட்டியல் நீளமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். ஒன்று நிச்சயமாக வேலை செய்திருந்தால் மற்றதெல்லாம் எதற்கு?

இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்த கேஸ் ஒன்று உண்டு. முகமது ஷமி. 2023 உலகக் கோப்பையில் 7 மேட்சில் 24 விக்கெட். நவம்பர் 15 அன்று வான்கடேயில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 57 ரன்னுக்கு 7 விக்கெட். அன்றைக்கு எங்கள் தெருவே வெடி வெடித்தது. அந்தப் போட்டித் தொடர் முழுக்க இடது குதிகால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டே ஆடினார் என்று பிறகு செய்தி வந்தது. 2024 ஜனவரியில் லண்டன் போய் ஸ்பெஷல் ஊசி போட்டுக்கொண்டார், அதுவும் கைகொடுக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. பிப்ரவரி கடைசியில் அக்கிலிஸ் தசைநாணில் ஆபரேஷன். அந்த வருஷ ஐ.பி.எல். போச்சு, டி20 உலகக் கோப்பை போச்சு. நவம்பரில் ரஞ்சி ஆடினார். மறுபடி இந்தியாவுக்காக ஆடியது 2025 ஜனவரியில், ராஜ்கோட்டில். அடுத்த மாசம் துபாயில் பங்களாதேஷுக்கு எதிராக 5 விக்கெட் எடுத்துத் திரும்பி வந்துவிட்டேன் என்று காட்டினார்.

இதை மாமாவிடம் சொன்னேன். "பார்த்தீங்களா மாமா, லண்டன் ஊசியே வேலை செய்யல."

மாமா சொன்னார்: "அட போ மாப்ள. அவருக்கு ஆகல, எனக்கு ஆச்சு. அவ்வளவுதான்."

யோசித்துப் பார்த்தால் மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி! ஷமி ஒருத்தர். மாமாவும் ஒருத்தர். ஷமியைக் காட்டி நான் 'ஊசி வேலை செய்யாது' என்று சொன்னால், மாமா தன்னைக் காட்டி 'வேலை செய்யும்' என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிறையப் பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு நிஜ ஊசி, இன்னொன்றுக்குப் பொய் ஊசி போட்டு, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாமல் வைத்து ஆறு மாசம் கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள்.

2010இல் நெதர்லாந்தில் 54 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள், ஊசிக்குழலை மூடி வைத்துப் போட்டார்கள், அதனால் யாருக்கு எது என்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே உடற்பயிற்சி. வலியையும் நடமாட்டத்தையும் நூற்றுக்கு மார்க் போட்டுப் பார்க்கிற ஓர் அளவுகோல் இருக்கிறது, மார்க் கூடினால் கால் நன்றாகிறது என்று அர்த்தம். 24 வாரம் கழித்து பி.ஆர்.பி. கூட்டத்துக்கு 21.7 மார்க் கூடியிருந்தது. உப்புநீர் கூட்டத்துக்கு 20.5. அதாவது உப்புநீர் போட்டுக்கொண்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு நன்றாகியிருக்கிறார்கள்!

54 பேர் போதாது என்பீர்கள். 2021இல் பிரிட்டனில் 240 பேர். ஒரு கூட்டத்துக்கு பி.ஆர்.பி. இன்னொரு கூட்டத்துக்கு ஊசியைத் தோலுக்கடியில் குத்தி எதையும் செலுத்தாமல் எடுத்துவிட்டார்கள். ஆறு மாசம் கழித்து முதல் கூட்டத்தின் சராசரி 54.4. இரண்டாவது கூட்டம் 53.4. ஒரே ஒரு மார்க் வித்தியாசம். கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்க வித்தியாசமே இல்லை என்பதுதான் முடிவு. ஹை வால்யூம் ஊசிக்கும் 2020இல் நெதர்லாந்தில் 80 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு கலக்காமல் 50 மி.லி. ஏற்றியவர்களும், 2 மி.லி. மட்டும் பேருக்கு ஏற்றியவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள்.

எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு ஓடினால் அது லெட்ஜரில் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எதிர்ப்பக்கமும் எழுதுகிறேன். 2017இல் டென்மார்க்கில் 60 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சியோடு பி.ஆர்.பி.யோ (நாலு ஊசி), ஸ்டீராய்டு கலந்த ஹை வால்யூம் ஊசியோ போட்டவர்கள் பொய் ஊசிக்காரர்களை விட நன்றாகத் தேறியிருந்தார்கள். 2022இல் அதே டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்ததில், ஸ்கேனில் பார்த்துத் தசைநாணுக்கு வெளியே ஸ்டீராய்டு போட்டு, கூடவே கனமான பயிற்சியும் கொடுத்தபோது, ஆறு மாசத்தில் பொய் ஊசியோடு பயிற்சி செய்தவர்களை விட நல்ல பலன் இருந்தது. இந்த 2022 ஆய்வைப் படித்ததும் என் வாயை நானே கொஞ்சம் மூடிக்கொண்டேன். ஊசி என்றாலே ஏமாற்று என்று எழுத நினைத்து ஆரம்பித்தவன் நான். அப்படி எழுத முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊசி ஜெயித்த இந்த இரண்டு ஆய்விலும், ஜெயிக்காத நெதர்லாந்து ஆய்விலும் ஊசியோடு பயிற்சி இருந்தது. ஊசியை மட்டும் போட்டுவிட்டு மறுநாளே ஒன்றரை ஷிப்டுக்கு அனுப்பிய ஆய்வு எதுவும் இதில் இல்லை. மாமாவுக்கு முதல் இரண்டு ஸ்டீராய்டு ஊசியில் நடந்தது அதுதான். ஊசி வலியைக் கொன்றது. வலி இல்லாததால் அவர் இன்னும் அதிகமாக நின்றார். நைந்த கயிறு இன்னும் நைந்தது. தசைநாணுக்குள்ளேயே ஸ்டீராய்டைப் போட்டால் நார் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு என்பதால்தான் டாக்டர்களே அதற்குத் தயங்குகிறார்கள்.

அப்படியானால் மாமா எதனால் தேறினார்?

மாமா டீக்கடையில் சொல்லாமல் விடுகிற பாதிக் கதை ஒன்று இருக்கிறது. ரத்த ஊசி போட்ட டாக்டர், மூன்று மாசம் ஒரு ஷிப்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். படிக்கட்டில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார். மாமா செய்தார். இருபத்துநாலாயிரம் கட்டியிருக்கிறாரே, செய்யாமல் இருப்பாரா? இலவசமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் விட்டிருப்பார். ஆக, அவர் கொடுத்தது ஊசிக்கான காசு என்பதை விட, டாக்டர் பேச்சைக் கேட்பதற்கான காசு என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதைத் திருப்பூர் உதாரணத்திலேயே சொல்கிறேன். 2022 மே மாசம் நூல் விலை உச்சத்தில் இருந்தது. ஊரே கம்பெனியை மூடி ஸ்ட்ரைக் பண்ணியது. அந்த வாரம் ஒருத்தர் அவிநாசி கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருந்தால், அடுத்தடுத்த மாசங்களில் நூல் விலை இறங்கியபோது என்ன சொல்லியிருப்பார்? தேங்காய்தான் இறக்கியது என்று. உச்சத்தில் இருப்பது எதுவும் பிறகு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நாமும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் கடன் வாங்கியாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குப் பிறகு வலி கொஞ்சம் குறைந்தால் அந்தப் பெருமை கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. உப்புநீர் போட்டவர்களுக்கும் 20 மார்க் கூடியதில் பயிற்சியின் பங்கு, காலத்தின் பங்கு, நம்பிக்கையின் பங்கு எல்லாம் இருக்கும்.

அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு டாக்டர். அவருக்கே இந்த வலி. ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டாராம், அவர் மறுத்துவிட்டாராம். சரி, அறுத்துக்கொண்டால் ஆபரேஷன் பண்ணித்தானே ஆகவேண்டும் என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தாராம். அறுபடவில்லை, வலிதான் போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். 1998இல் அவர் 15 ஓட்டக்காரர்களை வைத்து ஆய்வு வெளியிட்டார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாக இறக்க வேண்டும். ஏறும்போது நல்ல காலை உபயோகிக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி வைத்து மூன்று சுற்று. காலையும் மாலையும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் திரும்ப ஓடினார்கள். சின்ன ஆய்வுதான். பின்னால் வந்தவற்றில் எல்லாருக்கும் இவ்வளவு அழகாக வேலை செய்யவில்லை. ஆனாலும் இன்றைக்கும் முதல் வைத்தியம் என்று சொல்லப்படுவது இந்த மாதிரி எடை தாங்கும் பயிற்சிதான். 180 அதிகமாகத் தெரிந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. வாரம் மூன்று நாள் மட்டும் அதிக எடையோடு மெதுவாகச் செய்யும் பயிற்சியும் இதே பலன் தருகிறது என்று 2015இல் வந்த ஆய்வு சொல்கிறது. வலி குதிகால் எலும்பு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். அக்காவும் அதையேதான் கேட்டார். "தம்பி, நின்னா வலிக்குதுன்னுதான் போறேன். நிக்காம எப்படி வேலைக்குப் போறது?"

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. டாக்டர் மேல் அல்ல, ஊசி மேலும் அல்ல. ஷமிக்குப் பதினாலு மாசம் இந்தியாவுக்கு ஆடாமல் இருக்க முடிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு போர்டு இருந்தது, பயிற்சி கொடுக்க ஆள் இருந்தது. நம்ம ஊர் அயர்ன் மாஸ்டருக்கும் செக்கிங் அக்காவுக்கும், ஒரே காலால் நாள் முழுக்கப் பெடலை மிதிக்கும் ஓவர்லாக் டெய்லருக்கும் பதினாலு நாள்கூடக் கிடையாது. அதனால்தான் அவர்கள் ஊசியைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் வாங்குவது மருந்தை அல்ல, லீவு போடாமல் இருப்பதற்கான வழியை. பயிற்சிக்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். ஊசிக்கு நேரம் வேண்டாம், காசு வேண்டும். நேரம் கையில் இல்லாதவன் கடன் வாங்கியாவது காசைத்தான் கொடுப்பான். இதில் அவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல முடியும்.

ஒன்று. முழு ஓய்வு தேவையில்லை. 2007இல் ஸ்வீடனில் வந்த ஓர் ஆய்வில், பயிற்சி செய்துகொண்டே ஓட்டத்தையும் குதிப்பதையும் தொடர்ந்தவர்கள், அதையெல்லாம் ஆறு வாரம் நிறுத்தி வைத்தவர்களை விட மோசமாகிவிடவில்லை. ஒரு நிபந்தனை: வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகவும் கூடாது. அது ஓடுகிறவர்களை வைத்துச் செய்தது, பனியன் கம்பெனியை வைத்து யாரும் செய்யவில்லை. இருந்தாலும் 'வேலையை விடு' என்பதற்கும் 'அளவைக் குறை' என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆவது. கால் மாற்றிப் பெடல் மிதிப்பது. நிற்கிற இடத்தில் ரப்பர் மேட். செக்கிங் டேபிளுக்கு ஒரு உயரமான ஸ்டூல். ஸ்டூல் விலை என்ன? வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது மட்டும் தீயணைப்புக் கருவியைத் துடைத்து வைக்கிற கம்பெனிகள், கூடவே நாலு ஸ்டூலும் வாங்கிப் போடலாம். நன்றாகக் கவனித்துக்கொள்கிற கம்பெனிகளும் திருப்பூரில் இருக்கின்றன, அவர்கள் மன்னிக்க.

இரண்டு. ஈ.எஸ்.ஐ. இருப்பவர்கள் அதை உபயோகியுங்கள். நோய்க்கால உதவியாக வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்ட்டிஃபிகேட் தர வேண்டும், சந்தா நாட்கள் சரியாக இருக்க வேண்டும். ஆல்ஃப்ரெட்சன் பயிற்சி 12 வாரம், அதாவது 84 நாள். 91க்குள் அடங்குகிறது! யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை, தற்செயல்தான். ஆனால் எங்கள் தெருவில் ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்களே பாதிப் பேர், இதற்கெல்லாம் பணம் வரும் என்று தெரியாமல் இருக்கிறார்கள். கார்டே இல்லாத பீஸ் ரேட்காரர்கள் கதி தனி. அந்த அக்கா அதில் ஒருத்தர். ஒருவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஈ.எஸ்.ஐ.யைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் காசுதான், பிறகு அவர் தோடாக அடகுக்கடைக்குப் போகிறது.

ஊசியே போடக் கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று மாசம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் நகரவில்லை என்றால் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். ஆனால் முதல் நாளே ஊசி என்றால் நாலு கேள்வி கேளுங்கள். இது என்ன ஊசி, பெயர் என்ன? தசைநாணுக்குள்ளேயா வெளியேயா, ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா? போட்ட பிறகு எத்தனை நாள் வேலையைக் குறைக்க வேண்டும்? இதற்கு முன் பயிற்சி செய்து பார்த்தால் என்ன? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டர் நல்ல டாக்டர். மாமாவுக்குக் கடைசியில் கிடைத்தவர் அப்படிப்பட்டவர்தான் என்று நினைக்கிறேன். எத்தனை பேருக்கு அப்படி அமையும்?

குறை நம்மிடமும் இருக்கிறது. ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. "போனேன், ஒரு ஊசிகூடப் போடல, காலை ஆட்டச் சொல்லி அனுப்பிட்டாரு" என்று குறை சொல்கிற ஊரில், காலை ஆட்டச் சொல்கிற டாக்டர் எப்படிக் கடை நடத்துவார்?

கடைசியாக அக்கா. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்றார். ஆனால் "சும்மா செய்யறதுதானே, செஞ்சு பார்ப்போம்" என்று லைன் வீட்டு மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். ஏழு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் வலி கூடியது, என்னை முறைத்தார். இப்போது காலையில் முதல் பத்து அடி கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். சாயங்கால வலி அப்படியேதான் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஸ்டூல் கேட்டிருக்கிறார், "பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. சரியாகும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இன்னும் ஐந்து வாரம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தோடு இப்போதைக்குக் காதில் இருக்கிறது.

மாமா இன்னும் டீக்கடையில் நுனிக்காலில் எம்பிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரே ஒரு மாற்றம். நான் பக்கத்தில் இருந்தால், "ஊசியும் போட்டேன், படியிலயும் ஏறி எறங்குனேன்" என்று சேர்த்துச் சொல்கிறார். அதுவே பெரிய வெற்றி.

டிஸ்கி: நான் டாக்டர் அல்ல. திடீரென்று 'டப்' என்று சத்தம் கேட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது அறுந்திருக்கலாம். பயிற்சி கியிற்சி என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்தத் தசைநாணைப் பாதித்து அறுந்துபோகவும் வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்குகிற மாத்திரைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. குதிகால் வலி உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.